விலகி நிற்றலும் சாட்சி நிற்றலும்

காவல்துறையினரோ குடியேற்றத்துறை முகவர்களோ ஒரு தெருவில் திடீர்ச் சோதனை நடத்தி ஒருவரைப் பிடித்துச் செல்லும்போது, தற்செயலாக அங்கே நிற்க நேர்ந்தவருக்கு இரண்டு கட்டளைகள் பெரும்பாலும் ஒரே மூச்சில் பிறப்பிக்கப்படுகின்றன. பின்னால் போ என்பது ஒன்று. படம் எடுக்காதே என்பது மற்றொன்று. அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டின் கோடையில் லாஸ் ஏஞ்சலஸிலும், அதையடுத்த இலையுதிர்காலத்தில் சிகாகோவிலும் குடியேற்ற, சுங்க அமலாக்க முகமையின் சோதனைகள் பெருகியபோது, விசில் ஊதி அக்கம்பக்கத்தாரை எச்சரித்துக் கைப்பேசியுடன் தெருவுக்கு வந்தவர்கள் இவ்விரு கட்டளைகளையும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கட்டளையிடுவோருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன. கேட்பவரும் ஒன்றாகவே எண்ணி, அச்சம் மேலிட்டால் இரண்டுக்கும் பணிகிறார், சினம் மேலிட்டால் இரண்டையும் மீறுகிறார். உண்மையில் அவை வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. முதற்கட்டளை ஒருவரது உடல் எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பற்றியது. இரண்டாவது, நடந்தது என்ன என்பது பிறகு எவருக்காவது தெரியவேண்டுமா என்பதைப் பற்றியது. முதலாவதற்குப் பணிவது பொதுவாகக் கடமையாகும். இரண்டாவதைப் பிறப்பிக்கும் அதிகாரம் அரசுக்கு இருப்பதாகப் பெரும் சமய மரபுகள் எதுவும் ஒப்புக்கொண்டதில்லை.

அமெரிக்கச் சட்டம் இவ்வேறுபாட்டைப் பெருமளவு ஏற்றுக்கொண்டுள்ளது. 2007ஆம் ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரின் பொதுப் பூங்காவில் காவலர் மூவர் ஓர் இளைஞரைக் கைது செய்வதைச் சில அடி தள்ளி நின்று கைப்பேசியில் பதிவுசெய்த சைமன் கிளிக் என்னும் வழக்கறிஞர், ஒட்டுக்கேட்பதைத் தடைசெய்யும் மாநிலச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுகள் நிற்கவில்லை. பின்னர் அவர் தொடர்ந்த வழக்கில் முதலாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அதாவது உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில் நாட்டைப் பல வட்டாரங்களாகப் பகுத்துக்கொண்டு இயங்கும் கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஒன்று, பொதுவிடத்தில் பணியாற்றும் காவலரைப் படம்பிடிப்பது அரசியலமைப்பின் முதல் திருத்தம் காக்கும் பேச்சுரிமையில் அடங்கும் என்று 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாநகரம் அவருக்கு 1,70,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. வேறு பல வட்டார நீதிமன்றங்களும் இம்முடிவுக்கே வந்துள்ளன. காவலர் பணியில் சொல்லால் குறுக்கிடுவதையும் குற்றமாக்கிய ஹூஸ்டன் நகரச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1987இல் செல்லாததாக்கியது. கைதானவரின் கைப்பேசியைத் திறந்து பார்க்க நீதிபதியின் ஆணை வேண்டும் என்று 2014இல் ஒருமனதாகக் கூறியது. அதே வேளையில், படம்பிடிப்பவர் கைதுக்கு இடையூறாக இருக்கக்கூடாது என்பதிலும், நியாயமான தூரத்துக்கு விலகச் சொன்னால் விலகவேண்டும் என்பதிலும் நீதிமன்றங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. சட்டம் இவ்வளவு தூரம் வருகிறது. அது அனுமதிப்பதை ஒருவர் ஏன் செய்யவேண்டும், எதுவரை செய்யவேண்டும், எந்த விலையைக் கொடுத்தேனும் செய்யவேண்டுமா என்னும் கேள்விகளுக்கு விடை வேறிடத்தில்தான் தேடப்படவேண்டும்.

பணிவை வலியுறுத்துவோர் கிறித்தவ உலகில் முதலில் எடுத்துக்காட்டுவது, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரம். ஆளும் அதிகாரங்கள் கடவுளால் ஏற்படுத்தப்பட்டவை என்பதும், அவற்றை எதிர்ப்பவர் கடவுளின் ஏற்பாட்டையே எதிர்க்கிறார் என்பதும் அப்பகுதியின் சாரம். 2018ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று, அன்றைய தலைமைச் சட்ட அதிகாரி ஜெஃப் செஷன்ஸ் இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேன் நகரில் ஆற்றிய உரையில், எல்லை கடந்து வந்த பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரிக்க வழிவகுத்த கொள்கைக்கு அரணாக இவ்வதிகாரத்தையே சுட்டினார். 1850களில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கும் சட்டத்தை ஆதரித்த போதகர்களும் இதே வசனங்களில்தான் தஞ்சம் புகுந்தனர். இவ்வாறு வாசிப்பதில் உள்ள குறை, எழுதியவரின் வாழ்க்கையை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் வாசிப்பது.

மக்கெதோனியாவின் பிலிப்பி நகரில் பவுலும் சீலாவும் பட்டதை அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரம் விவரிக்கிறது. அவர்கள் விசாரணையின்றிச் சந்தைவெளியில் ஆடை கிழிக்கப்பட்டுத் தடியால் அடிக்கப்பட்டார்கள். உட்சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டன. நள்ளிரவில் நிலம் அதிர்ந்து கதவுகள் திறந்துகொண்டபோது பவுல் தப்பியோடவில்லை. கைதிகள் போய்விட்டார்கள் என்று எண்ணித் தன் உயிரை மாய்த்துக்கொள்ள வாளை உருவிய சிறைக்காவலனைக் குரல் கொடுத்துத் தடுத்தார். பொழுது விடிந்ததும் நகர அதிகாரிகள் சேவகரை அனுப்பி இருவரையும் விட்டுவிடச் சொன்னார்கள். அதுவரை அடிக்கும் சிறைக்கும் உடலால் இணங்கியிருந்த அதே மனிதர், இப்போது வெளியேற மறுத்தார். ரோமக் குடிமக்களைத் தீர்ப்பின்றி ஊரார் பார்க்க அடித்தவர்கள் ஊருக்குத் தெரியாமல் அனுப்பிவைக்க நினைப்பதை அவர் ஏற்கவில்லை. அவர்களே நேரில் வந்து அழைத்துச் செல்லவேண்டும் என்று கேட்டார், அவர்களும் அஞ்சி வந்தார்கள். அரசுக்குப் பணியச் சொன்னவர் என்று புகழப்படும் பவுல் தம் வாழ்வில் கடைப்பிடித்த எல்லைக்கோடு இங்கே தெளிவாகத் தெரிகிறது. அதிகாரம் தம்மை என்ன செய்தாலும் அவர் கை ஓங்கவில்லை. ஆனால் அதிகாரம் தான் செய்ததை மூடிமறைக்கத் தம் ஒத்துழைப்பைக் கேட்டபோது அதைக் கொடுக்கவில்லை. ரோமர் பதின்மூன்றைச் சோதனை நடக்கும் தெருவில் ஓதுகிறவர்கள் நடபடிகள் பதினாறையும் சேர்த்து ஓதவேண்டும்.

இந்த எல்லைக்கோட்டுக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ். தமது பெருநூலாகிய இறையியல் தொகுப்பில் கீழ்ப்படிதலை ஆராயும்போது, மனிதர் மனிதருக்குக் கீழ்ப்படியும் கடமை உடலால் ஆற்றும் புறச்செயல்களையே தழுவும் என்றும், உள்ளத்தின் அசைவுகளில் கடவுளுக்கு மட்டுமே பணியவேண்டும் என்றும் அவர் பிரித்துக் காட்டுகிறார்; அடிமைத்தனமும் முழு மனிதனைத் தொடுவதில்லை என்னும் கருத்தை ரோமச் சிந்தனையாளர் செனெக்காவிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். இப்பிரிவினை முதற்பார்வையில் இங்குள்ள சிக்கலைத் தீர்த்துவிடுவதுபோல் தோன்றும்: கால்கள் அரசுக்கு, கண்கள் மனச்சான்றுக்கு. ஆனால் அது போதாது. பார்ப்பது உள்ளத்தின் செயல் என்றே வைத்துக்கொண்டாலும், கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பது கையின் செயல்; அது பிறர் கண்ணில் படுகிறது, பிறரைப் பாதிக்கிறது. ஆகவே படம்பிடிக்காதே என்னும் கட்டளை செல்லாது என்று நிறுவுவதற்கு, உள்ளம் சுதந்திரமானது என்று மட்டும் சொன்னால் முடியாது. சாட்சி சொல்வது ஒரு கடமை என்றும், அக்கடமை கட்டளையைவிட முந்தியது என்றும் காட்டவேண்டும்.

அதற்கான ஆதாரங்கள் பல மரபுகளில் வியக்கத்தக்க ஒற்றுமையோடு கிடைக்கின்றன. எபிரேய மறையின் லேவியராகமம், ஒரு விஷயத்தைக் கண்டோ அறிந்தோ இருந்தும் சாட்சி கேட்கப்படும்போது அறிவிக்காமல் இருப்பவர் குற்றச்சுமையை ஏற்கிறார் என்று ஐந்தாம் அதிகாரத்திலேயே விதிக்கிறது. அதன் பத்தொன்பதாம் அதிகாரம், அயலானின் இரத்தம் சிந்தப்படும் இடத்தில் சும்மா நிற்கக்கூடாது என்கிறது. யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பாகிய தல்மூது, நீரில் மூழ்குபவரையும் விலங்கிடமோ கொள்ளையரிடமோ சிக்கியவரையும் காக்கும் கடமையை இவ்விதியிலிருந்தே வருவிக்கிறது. திருக்குர்ஆன் சாட்சியத்தை மறைப்பவரின் இதயம் பாவம் படிந்தது என்று அல்பகரா அத்தியாயத்தில் எச்சரிக்கிறது. தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சி நிற்கவேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தில் கட்டளையிடுகிறது. அக்வினாஸ் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார்: மேலதிகாரி கேட்டால்தான் சாட்சி சொல்லவேண்டும் என்பது பொதுவிதியே ஆயினும், ஒருவர் அநியாயமான சாவிலிருந்தோ தண்டனையிலிருந்தோ தப்புவதற்குத் தம் சாட்சியம் தேவைப்பட்டால், யாரும் கேட்காதபோதும் முன்வந்து சொல்லவேண்டும் என்கிறார். இம்மரபுகளில் எதுவும் சாட்சிக்கு அதிகாரியின் அனுமதி வேண்டும் என்று சொல்லவில்லை. அனுமதி வேண்டுமென்றால், அதிகாரிக்கு எதிரான சாட்சியம் என்றொன்று உலகில் இருக்கவே முடியாது.

இக்கடமை ஏன் சோதனைவேளையில் மற்ற எவ்வேளையையும்விடக் கூர்மையடைகிறது என்பதை அமெரிக்க வரலாற்றில் ஒரு சட்டமே தெளிவாக்குகிறது. 1850ஆம் ஆண்டு செப்டம்பரில் இயற்றப்பட்ட தப்பியோடிய அடிமைகள் சட்டம், பிடிபட்டவரின் வாக்குமூலத்தை விசாரணையில் ஏற்கவே கூடாது என்று விதித்தது. விசாரிக்கும் ஆணையருக்கு, பிடிபட்டவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கட்டணம். இவற்றோடு, நல்ல குடிமக்கள் அனைவரும் பிடிக்கும் வேலையில் உதவவேண்டும் என்று அது கட்டளையிட்டது. ஆக, பிடிக்கப்பட்டவரின் வாய் அடைக்கப்பட்டது. அருகே நின்றவரின் கை அரசின் கையாக்கப்பட்டது. நடந்ததைச் சொல்லக்கூடிய கட்டற்ற வாய் ஒன்று மிஞ்சாதபடி சட்டமே பார்த்துக்கொண்டது.

பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் மாவட்டத்தில் கிறிஸ்டியானா என்னும் சிற்றூர் இருக்கிறது. 1851 செப்டம்பர் 11 அன்று விடியற்காலையில், மேரிலாந்து மாநிலத்து அடிமை உரிமையாளர் எட்வர்ட் கோர்சச், கூட்டாட்சித் துணை மார்ஷல் ஹென்றி கிளைனையும் தம் மகனையும் உறவினரையும் கூட்டிக்கொண்டு, தம்மிடமிருந்து தப்பிய நால்வரைப் பிடிப்பதற்காக அவ்வூருக்கு அருகே வில்லியம் பார்க்கர் என்னும் கறுப்பினத்தவரின் வீட்டை வளைத்தார். மேல்மாடிச் சன்னலிலிருந்து பார்க்கரின் மனைவி எலைசா கொம்பை ஊத, சுற்றுவட்டாரத்துக் கறுப்பின மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். சிகாகோவின் விசிலுக்கு முன்னோடியான அந்த ஓசையைக் கேட்டு வந்தவர்களில் வெள்ளையர் சிலரும் இருந்தனர். குதிரையில் வந்த மாவு ஆலைக்காரர் காஸ்ட்னர் ஹான்வே அவர்களில் ஒருவர். கிளைன் அவரிடம் பிடியாணையைக் காட்டிச் சட்டப்படி உதவுமாறு ஆணையிட்டார். ஹான்வே ஆணையை வாங்கிப் படித்தார். உதவ மறுத்தார். இரத்தம் சிந்தப்படுமுன் அனைவரும் திரும்பிப் போவது நல்லது என்று சொன்னார். சிறிது நேரத்தில் மோதல் மூண்டு கோர்சச் கொல்லப்பட்டார், அவர் மகன் படுகாயமடைந்தார். பார்க்கர் கனடாவுக்குத் தப்பினார்.

ஆயுதமின்றி வந்து, கையை உயர்த்தாமல் நின்ற ஹான்வேயை அரசு எந்தக் குற்றத்துக்காக நிறுத்தியது என்பது கவனிக்கத்தக்கது. அது நாட்டுக்கெதிரான துரோகம், தூக்குமரத்துக்குரிய குற்றம். முப்பதுக்கும் மேற்பட்டோர் மீது அதே குற்றம் சுமத்தப்பட்டது. முதலில் விசாரிக்கப்பட்டவர் ஹான்வேதான். பிலடெல்பியாவில் சுதந்திர மண்டபத்தின் மேல்மாடியிலேயே விசாரணை நடந்தது. ஹான்வேயின் தரப்பு வழக்கறிஞர்களில் தாடியஸ் ஸ்டீவன்ஸ் ஒருவர். அடிமை ஒழிப்பாளர்களிடம் சிறிதும் பரிவு காட்டாதவரான உச்ச நீதிமன்ற நீதிபதி ராபர்ட் கிரியர்கூட, நிகழ்ந்தது நாட்டின்மீது போர் தொடுத்ததாகாது என்று ஜூரிக்கு விளக்க நேர்ந்தது. டிசம்பர் 11 அன்று ஜூரி கால்மணி நேர அளவில் குற்றமற்றவர் என்ற தீர்ப்போடு திரும்பியது. ஹான்வே தடுக்கவில்லை, தாக்கவில்லை. அரசின் கையாக இருக்க மறுத்து, கண்ணாக மட்டும் நின்றார். அதைத்தான் அரசு பொறுக்கவில்லை. அருகே நிற்பவரைக் கருவியாக்க முயலும் அதிகாரமும் அவரது கண்ணை மூட முயலும் அதிகாரமும் ஒரே எண்ணத்திலிருந்து எழுகின்றன: அங்கே சுதந்திரமான மூன்றாம் மனிதர் ஒருவர் இருக்கக்கூடாது என்பதே அது. இன்றைய குடியேற்றச் சோதனையில் பிடிபட்டவரின் வாக்குமூலத்தைச் சட்டம் விலக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் சில நாள்களுக்குள் வேறு மாநிலத்துத் தடுப்புக்காவலுக்கோ வேறு நாட்டுக்கோ கொண்டுசெல்லப்பட்டுவிட்டால், தெருமுனையில் அவருக்கு நேர்ந்ததைச் சொல்ல அவர் அங்கே இருக்கமாட்டார். எஞ்சுவது அதிகாரியின் அறிக்கையும் வழிப்போக்கரின் பதிவும்தான்.

அறிக்கைக்கும் பதிவுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதை மினியாபொலிஸ் நகரம் உலகுக்குக் காட்டியது. 2020 மே 25 மாலையில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபின் அந்நகரக் காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கை, கைதின்போது ஒருவருக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டு இறந்ததாகக் கூறியது. ஒரு காவலரின் முழங்கால் அவர் கழுத்தின்மேல் இருந்ததைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தன் சிறு வயது உறவுப் பெண்ணைக் கடைக்கு அழைத்து வந்திருந்த 17 வயது டார்னெல்லா ஃப்ரேசியர் நடைபாதையில் நின்று எடுத்த காணொலி அன்றிரவே வெளிவராதிருந்தால், அவ்வறிக்கையே வரலாறாக நின்றிருக்கும். 9 நிமிடம் 29 விநாடி நீடித்த அந்த அழுத்தத்துக்காக அக்காவலர் டெரெக் ஷாவின் 2021 ஏப்ரலில் கொலைக்குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவ்வாண்டு புலிட்சர் குழு ஃப்ரேசியருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது.

இந்நிகழ்ச்சியைச் சாட்சியத்தின் வெற்றியாக மட்டும் சொல்வது பாதி உண்மை. அந்நடைபாதையில் நின்றவர்கள் பின்னால் நில்லுங்கள் என்ற கட்டளைக்குப் பணிந்தவர்கள். அவர்களில் ஒருவர் பணிநேரத்தில் இல்லாத தீயணைப்பு வீராங்கனை. அவசர மருத்துவப் பயிற்சி பெற்றவர். நாடித்துடிப்பைப் பாருங்கள் என்று அவர் திரும்பத் திரும்ப வேண்டியும், கூட்டத்தைத் தடுத்து நின்ற காவலர் அவரை நடைபாதையிலேயே நிற்கச் சொன்னார். மற்றொருவர் அவசர உதவி எண்ணை அழைத்துக் காவலர்களைப் பற்றிக் காவல்துறையிடமே முறையிட்டார். பிற்பாடு நீதிமன்றத்தில், இன்னும் அதிகமாக எதையும் செய்யாததற்காக இரவெல்லாம் விழித்திருந்து ஃபிளாய்டிடம் மன்னிப்புக் கேட்ட இரவுகள் உண்டு என்று ஃப்ரேசியர் சொன்னார். விலகி நில் என்ற கட்டளைக்குப் பணிவது கடமை என்னும் விதி இங்கே திணறுகிறது, திணறத்தான் வேண்டும். அவ்விதியின் ஆதாரம், சட்டப்படி நடக்கும் ஒரு கைது குழப்பமின்றி நடந்து முடியவேண்டும் என்னும் பொது நன்மை. கைது கொலையாக மாறிய கணத்தில் அந்த ஆதாரம் அற்றுப்போகிறது, லேவியராகமத்தின் இரத்தத்தைப் பற்றிய விதி மேலெழுகிறது. அந்த வீராங்கனை நடைபாதையைத் தாண்டியிருந்தால் எந்த அறநூலும் அவரைக் குறைகூறாது. தாண்டாததற்காகவும் அவரைக் குறைகூற முடியாது. ஆயுதம் ஏந்தியவர்களை நோக்கி நகரும் வழிப்போக்கர் ஒருவரைக் காக்கப்போய் இருவரைப் பலிகொடுக்கக்கூடும் என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. தல்மூது விதிக்கும் மீட்புக்கடமைகூடத் தன் உயிரைக் கொடுத்தாவது என்ற அளவுக்குப் பொதுவாக நீட்டப்படுவதில்லை. தடுக்கும் கடமை முதலில் யாருடையது என்பதைக் கூட்டாட்சி ஜூரி ஒன்று 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொன்னது: உடனிருந்த மூன்று காவலர்களும் ஃபிளாய்டின் உரிமைகளைப் பறித்த குற்றத்துக்கு ஆளானார்கள், கூட்டத்தைத் தடுத்து நின்றவர் உட்பட. தடுக்க முடியாதவரின் மேல் விழுந்த கடமை, பார்த்ததை அழியவிடாமல் காப்பது. அதை ஃப்ரேசியர் நிறைவேற்றினார்.

கேமராவுக்கு எதிரான வாதங்களில் அதிகாரிகள் சொல்பவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. படம்பிடிப்பதே வன்முறை என்பது ஏற்கத்தக்க வாதமன்று. பொது அதிகாரத்தைப் பொதுவிடத்தில் செலுத்துபவர் பார்க்கப்படுவது அவ்வதிகாரத்தோடு வரும் நிபந்தனை. அதிகாரியின் வீட்டு முகவரியையும் பிள்ளைகளின் முகத்தையும் பரப்புவது வேறு. அது சாட்சியத்தோடு தொடர்பில்லாத பழிவாங்கல், அதற்கு இங்கே எந்த நியாயமும் கிடையாது. இவ்விரண்டையும்விடக் கனமான வாதம் ஒன்று உண்டு, அதை அதிகாரிகள் அரிதாகவே சொல்கிறார்கள்: பிடிபட்டவருக்கும் முகம் இருக்கிறது. பிள்ளைகள் கண்முன்னே கைவிலங்கோடு அழும் தந்தையின் முகம் இலட்சக்கணக்கான திரைகளில் ஓடுவதை அவர் விரும்பியிருப்பாரா என்று படம்பிடித்தவர் பெரும்பாலும் கேட்பதில்லை. பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆனின் நாற்பத்தொன்பதாம் அத்தியாயம் தடுக்கிறது. அந்தத் தடை அதிகாரத்தின் பகிரங்கச் செயலைப் பார்ப்பதைத் தொடாது. ஆனால் அச்செயலில் சிக்கியவரின் அவமானத்தைக் காட்சிப்பொருளாக்குவதைத் தொடும். பதிவு முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் பிடிபட்டவரின் குடும்பமும் வழக்கறிஞரும்; ஊருக்குக் காட்டுவதா, முகத்தை மறைத்துக் காட்டுவதா என்பதை முடிவுசெய்யும் உரிமை முடிந்தவரை அவர்களுடையது. ஃபிளாய்டின் நிலையில் அவர் உயிர் போய்க்கொண்டிருந்தது, பொய் அறிக்கை வந்துகொண்டிருந்தது. அங்கே காத்திருப்பதற்கு இடமில்லை. எல்லாச் சோதனைகளும் அப்படிப்பட்டவை அல்ல.

காணொலி தானே உண்மையைப் பேசிவிடும் என்ற நம்பிக்கையும் திருத்தப்படவேண்டியது. 1991 மார்ச் 3 அன்று ரோட்னி கிங்கைக் காவலர்கள் தடியால் அடிப்பதை லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் ஹாலிடே தம் வீட்டுப் பால்கனியிலிருந்து பதிவுசெய்தார். அடுத்த ஆண்டு சீமி வேலியில் நடந்த விசாரணையில் காவலர்களின் வழக்கறிஞர்கள் அதே பதிவை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி நிறுத்திக் காட்டி, கிங்கின் ஒவ்வோர் அசைவையும் அச்சுறுத்தலாக விளக்கினார்கள். ஏறத்தாழ எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் காவலர்கள் விடுதலையானார்கள். அதைத் தொடர்ந்த கலவரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பதிவு பேசுவதற்கு ஒரு மனிதரின் சாட்சியம் கூடவே வேண்டும்: பதிவு தொடங்குமுன் என்ன நடந்தது, எங்கே நின்று எடுக்கப்பட்டது, எது சட்டகத்துக்கு வெளியே இருந்தது என்று சொல்லி, குறுக்கு விசாரணைக்கு முகங்கொடுக்கும் ஒருவர். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்னும் கட்டளை கேமராக்காரரையும் கட்டும். தமக்குப் பிடிக்காத பகுதியை வெட்டிவிட்டு வெளியிடுபவர் அதை மீறியவரே.

இவ்வளவுக்குப் பிறகும் கடினமான நிலை ஒன்று எஞ்சுகிறது. இடத்தைப் பற்றிய கட்டளைபோல் உடுத்திக்கொண்டு, உண்மையில் பார்வையைத் தடுப்பதற்காகவே வரும் கட்டளை அது. அரிசோனா மாநிலம் 2022இல் காவலருக்கு எட்டடிக்குள் நின்று படம்பிடிப்பதைக் குற்றமாக்கியது. லூசியானா 2024இல், விலகச் சொன்னபின் இருபத்தைந்தடிக்குள் நிற்பதையே குற்றமாக்கியது. இரண்டையும் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்கள் நிறுத்திவைத்தன. தூரம் அடிக்கணக்கில் சிறியதுதான். ஆனால் குறுகிய சந்திலோ கார்களுக்கு இடையிலோ இருபத்தைந்தடி விலகினால் எதுவும் தெரியாது. எட்டிநின்று காணமுடிகிற வரையில் விலகவேண்டும். காணவே முடியாத இடத்துக்குப் போகச் சொன்னால் என்ன செய்வது?

இந்நிலையை முழுமையாக எதிர்கொண்ட நிகழ்ச்சி, மார்ட்டின் லூதர் கிங் தம் போராட்டமுறைக்கு ஆசானாகக் கொண்டவரின் வாழ்வில் இருக்கிறது. 1917 ஏப்ரலில் பீகாரின் சம்பாரண் மாவட்டத்துக்கு, அவுரித் தோட்ட முதலாளிகளின்கீழ் வாடிய குடியானவர்களின் நிலையை நேரில் அறியச் சென்ற காந்தியை, மாவட்டத்தைவிட்டு உடனே வெளியேறும்படி அரசு ஆணையிட்டது. அது இடத்தைப் பற்றிய கட்டளைபோலவே இருந்தது. அதற்குப் பணிந்தால் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. ஏப்ரல் 18 அன்று மோதிஹாரி நீதிமன்றத்தில் நின்ற காந்தி, ஆணையை மீறியதை மறுக்கவில்லை. சட்டத்தின்மீது மதிப்பில்லாமல் மீறவில்லை என்றும், அதைவிட உயர்ந்த மனச்சான்றின் விதிக்குப் பணிந்தே மீறியதாகவும் கூறி, தண்டனையை ஏற்கத் தயாராக நின்றார். அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. அதன்பின் நடந்ததுதான் இன்றைய கேமராக்காரர்கள் கற்கவேண்டியது. ஆயிரக்கணக்கான குடியானவர்கள் வாக்குமூலம் சொல்ல வந்தார்கள். காந்தியோடு இருந்த வழக்கறிஞர்கள் ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்து, தேறாத வாக்குமூலங்களை ஒதுக்கினார்கள், அதனால் வேலை நீண்டபோதும் விடவில்லை. இரகசியப் போலீஸ் அதிகாரிகள் அவ்விடத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காந்தி அவர்களை விரட்டவில்லை; அவர்கள் இருப்பது நல்லதென்றே கருதினார், அவர்கள் முன்னிலையிலேயே பேசக் குடியானவர்களுக்கு அச்சம் தெளிந்தது. அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட சம்பாரண் வேளாண் சட்டம், கட்டாய அவுரிச் சாகுபடியாகிய தீன்கட்டியா முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஆகவே பார்வையை அறவே பறிக்கும் கட்டளையை மீறுவதென்றால், அது மீறலாகவே, முகம் காட்டி, கைகள் தெரியும்படி நின்று, ஓடாமல், தள்ளாமல், வரும் கைதை ஏற்றுக்கொண்டு செய்யப்படவேண்டும். அந்த விலையை எல்லோரிடமும் ஒரே அளவில் கேட்கவும் கூடாது. ஆவணமில்லாத ஓர் அண்டைவீட்டுக்காரர் அத்தெருவில் கைப்பேசியை உயர்த்தினால் அவரும் அதே வண்டியில் ஏற்றப்படுவார். குடியுரிமை உள்ளவர் ஓர் இரவு காவலில் இருந்துவிட்டு மறுநாள் வழக்கறிஞரோடு வெளியே வரக்கூடும். அண்டைவீட்டுக்காரர் கதவை மூடிக்கொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை. அவருக்கும் சேர்த்து வெளியே நிற்கும் பொறுப்பு, குறைந்த விலையில் நிற்க முடிந்தவர்மேல் வருகிறது.